அதியமான் கோட்டையும் அரை நெல்லிக்கனியும்

கடத்தூரில் தர்மபுரி பஸ் ஏறுகிறவர்களுக்குப் போன இடத்தில் ஆயிரம் வேலை இருக்கும். கலெக்டர் ஆபீசில் மனு, பெரியாஸ்பத்திரியில் சொந்தக்காரர், பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம். ஒரு பழைய தலைநகரத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும் வராது. தர்மபுரிதான் சங்க காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். மதுரையைப் போலவோ காஞ்சியைப் போலவோ காட்டுவதற்கு அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டையில் கோட்டை பெரும்பாலும் பெயரில்தான் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமியன்று அங்கே திரளும் கூட்டம் காலபைரவருக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வருகிறது. அதியமானைத் தேடி அல்ல.

ஆனாலும் தகடூரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். இந்த நகரத்தின் வரலாற்றில் பாதி, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்குதான். தானம் என்பது என்ன, அதில் கொடுப்பவனுக்கு ஏதாவது திரும்பி வரலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அதியமான் புலவர் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியிலிருந்து தொடங்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் புறநானூற்றின் 91 ஆம் பாட்டில் ஔவை வியப்பது கனியை அல்ல. சாவைத் தள்ளிப்போடும் அதன் குணத்தை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான் என்பதைத்தான். சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருப்பாளா? தனக்கு என்ன கிடைத்தது என்பதே வாங்கியவளுக்கு அப்போது தெரியாது. நன்றிகூட அந்த நேரத்தில் திரும்பி வர வழியில்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு சான்று திருக்கோவிலூர் பக்கம், ஜம்பையில் இருக்கிறது. 1981 இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 2000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி வரி அது. துறவிகள் தங்கும் குகையைக் கொடுத்தவன் சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்கிறது. பட்டம், குலம், பெயர் மூன்றும் உண்டு. எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாதவர்கள் படுக்கும் இடத்தில் கொடுத்தவனின் முழுப்பெயர்! கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கும் நம் ஆட்களைக் கேலி செய்யும்போது இந்தக் குகையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதியமான் கோவலூரை, அதாவது இந்தத் திருக்கோவிலூரை, வென்றதைப் புறநானூறு சொல்கிறது. வென்ற மண்ணில் பெயர் பொறிப்பது தானமா, எல்லைக் கல்லா என்று கேட்பவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் பாட்டில் மட்டும் வாழும் ஒரு பெயராகவே அவன் நின்றிருப்பான் என்பதும் உண்மை.

வாங்குகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. பெருஞ்சித்திரனார் வந்தபோது அதியமான் நேரில் பார்க்காமல் பரிசை மட்டும் அனுப்பிவிட்டான். புலவர் அதைத் தொடவில்லை. என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை எடுத்துக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை, என் தகுதி அறிந்து தினையளவு கொடுத்தாலும் போதும் என்று சொல்லிவிட்டார். பொருள் கைமாறினால் மட்டும் தானமாகிவிடாது என்பது அவர் கட்சி. வள்ளல் என்று பெயரெடுத்தவனுக்கே இந்த அடி.

ஜம்பை வரியில் வரும் சதியபுதோ என்ற சொல் அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனத்திலும் வருகிறது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் எண்ணும் அந்தச் சாசனம் மருத்துவத்தைப் பற்றியது: மனிதருக்கும் விலங்குக்கும் வேண்டிய மூலிகைகள் இல்லாத இடங்களில் கொண்டுபோய் நடப்பட்டன என்கிறது. அசோகருக்கும் ஒரு நெல்லிக்கனிக் கதை இருப்பதுதான் சுவாரசியம். அசோகாவதானம் என்ற பௌத்த நூலின்படி, பாடலிபுத்திரத்தில் நோயில் கிடந்த அரசர் கஜானாவைப் பௌத்த சங்கத்துக்கு வாரி இறைத்துவிடுவார் என்று பயந்து அமைச்சர்கள் அதைப் பூட்டினார்கள். அரசர் தான் உண்ட பொன் தட்டைக் கொடுத்தார், பிறகு வெள்ளித் தட்டை. கடைசியில் அவர் அதிகாரத்தில் மிஞ்சியது அரை நெல்லிக்கனி. அதையும் அனுப்பினார், துறவிகள் அதை மசித்து, குழம்பில் கலந்து எல்லோரும் உண்டார்கள்.

அரசரிடம் வேறொன்றும் இல்லை என்பதால் அந்த அரைக் கனிக்கு மதிப்பு வருகிறது. தகடூர்க் கனியின் மதிப்பு வேறு. எல்லாம் இருந்தவன் தன் ஆயுளையே விட்டுக்கொடுத்தான். பௌத்தக் கதையில் துறவு பேசுகிறது, தமிழ்ப் பாட்டில் நட்பு பேசுகிறது. இரண்டில் தகடூர்க் கனியே கொஞ்சம் உயர்ந்தது என்று தோன்றுகிறது. அசோகர் கொடுத்தது புண்ணியக் கணக்கில் ஏறும். அதியமான் அப்படி எந்தக் கணக்கும் வைத்ததாக ஔவை சொல்லவில்லை.

சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அந்த வெற்றியைப் பாடுகிறது. அந்தப் போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்ற நூல் சில துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது. பிறகு நுளம்ப அரசர்கள் வந்தார்கள். 9 ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிதியண்ணன், சந்தியண்ணன் என்ற வணிகச் சகோதரர்கள் இங்கே ஒரு சமணப் பள்ளி எழுப்பியதைக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. அரசு மாறியது, மொழி மாறியது, கொடுப்பது நிற்கவில்லை.

அதியமான் இறந்தபின் ஔவை பாடிய பாட்டில் கேள்வி தலைகீழாகிறது. அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்குவானா என்று கேட்கிறாள். வாழ்நாளெல்லாம் கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போவதும் ஒரு துயரம்தான்.

தர்மபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல கற்கள் இன்று வேடியப்பன் சாமி. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருவனுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுகிறார்கள். அவன் பெயர் படைப்பவர்களில் பலருக்குத் தெரியாது. வாங்குவானா என்று அவர்கள் கேட்பதும் இல்லை.