மகளை இழந்த சில்வியா

ஆப்பிரிக்காவில், ஒகவாங்கோ ஆறு கடலைச் சேராமல் சதுப்பு நிலமாகப் பரந்து கிடக்கும் போட்ஸ்வானா நாட்டில், மொரேமி என்ற சரணாலயம் இருக்கிறது. அங்கே ஒரு பபூன் குரங்குக் கூட்டத்தை டோரதி செனி, ராபர்ட் செஃபார்த் என்ற விஞ்ஞானித் தம்பதி 1992 முதல் பல ஆண்டுகள் கூடவே நடந்து கவனித்தார்கள்.

பபூன்களில் ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும். தாயின் அந்தஸ்து மகளுக்கு வரும். யார் யாருக்கு நெருக்கம் என்று தெரிய வேண்டுமானால் யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் தாயும் மகளும், அக்காளும் தங்கையும்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் சில்வியா என்றொரு கிழவி இருந்தாள். வயது 23. உயர்ந்த அந்தஸ்து. தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை மதிக்காதவள் என்று ஆய்வாளர்களிடம் பேர் வாங்கியவள். அவளுக்கு எல்லாமே மகள் சியராதான். அந்த சியராவைச் சிங்கம் கொன்றுவிட்டது. சில்வியா ஒடுங்கிப்போனாள். பிறகு அவள் செய்த காரியம்தான் என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது: தன்னைவிட எவ்வளவோ தாழ்ந்த நிலையில் இருந்த ஒருத்தியோடு பேன் பார்த்துப் பழகத் தொடங்கினாள்.

சில்வியா மட்டும் இப்படி இல்லை. 2006இல் வெளியான ஆய்வில், அந்தக் கூட்டத்துப் பெண் குரங்குகளின் மலத்தைச் சேகரித்து அதில் இருந்த மன அழுத்த ஹார்மோனை அளந்திருக்கிறார்கள். சிங்கம் பாய்ந்தால் கூட்டமே அலறுகிறது. ஆனாலும் அடுத்த ஒரு மாதத்தில் ஹார்மோன் கூடியிருந்தது நெருங்கிய சொந்தத்தைப் பறிகொடுத்த பெண்களுக்குத்தான். இதைத் துக்கம் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன். அந்தப் பெண்கள் முன்பைவிட அதிகம் பேரோடு, அதிக நேரம் பேன் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் ஹார்மோன் பழைய அளவுக்கு இறங்கியது.

சொந்தம் அருகில் இருக்கும்வரை மற்றவர் கண்ணில் படுவதில்லை. போன பிறகு யாரோ ஒருத்தியின் விரல் நம் முதுகில் படுகிறது. அதையும் உடம்பு ஏற்றுக்கொள்கிறது. ரத்த உறவுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஈடு பார்த்து சில்வியா அங்கே போய் உட்கார்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இழப்புக்குப் பிறகு இப்படிப் புதிய துணை சேர்வது வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ அருகே காயோ சாந்தியாகோ என்ற குட்டித் தீவு இருக்கிறது. 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ரீசஸ் குரங்குகளின் வாரிசுகள் அங்கே வாழ்கின்றன. 2017 செப்டம்பரில் மரியா புயல் மரங்களை முறித்துப் போட்டது. நிழல் அரிதானது. குரங்குகள் அடித்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவை முன்பு அண்ட விடாதவற்றையும் பக்கத்தில் உட்கார விட்டன. பழைய கூட்டாளிகளோடு இன்னும் ஒட்டிக்கொள்வதைவிடப் புதிய கூட்டாளிகளைத்தான் அதிகம் சேர்த்துக்கொண்டன. புயலுக்கு முன் தனித்துக் கிடந்த குரங்குகளுக்குத்தான் அதிகத் துணை சேர்ந்தது.