தேதி குறிக்காத வாக்கு

2008 ஏப்ரலில் புக்கரெஸ்டில் கூடிய நேட்டோ மாநாடு, ஜார்ஜியாவும் உக்ரைனும் கூட்டணியில் உறுப்பினராகும் என்று அறிவித்தது. எப்போது என்று சொல்லவில்லை. சேர்க்கைக்கான முதற்படியை உடனே தொடங்க அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் விரும்பினார். ஜெர்மனியும் பிரான்சும் தடுத்தன. அந்த இழுபறியில் பிறந்த சமரசம், ரஷ்யாவைச் சீண்டப் போதுமானதாக இருந்தது. ஜார்ஜியாவைக் காக்கப் போதவில்லை.

நான்கு மாதங்களில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இடையே போர் மூண்டது. அப்போது சுமார் 2,000 ஜார்ஜிய வீரர்கள் ஈராக்கில் அமெரிக்கப் படையுடன் நின்றிருந்தனர். அமெரிக்க விமானங்கள் அவர்களைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. ஜார்ஜியாவுக்காகப் போரிட வேறு எவரும் வரவில்லை. ஐந்து நாளில் சண்டை ஓய்ந்தது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் தனிநாடுகளாக ரஷ்யா அங்கீகரித்தது.

வல்லரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. தொலைதூர நிலத்துக்காக அணு ஆயுத நாடொன்றுடன் மோதி, தன் குடிமக்களின் உயிரைப் பணயம் வைக்கும் கடமை எந்த அரசுக்கும் தானாக வந்துவிடாது. துணை இருக்கிறது என்ற தெம்பில் சிறிய நாடு அவசரப்படவும் கூடும். தெற்கு ஒசேத்தியாவின் ஸ்கின்வாலி நகர்மீது குண்டு பொழிந்து வெளிப்படையான போரைத் தொடங்கியது ஜார்ஜியாதான் என்று ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த விசாரணைக்குழு 2009இல் கூறியது. ரஷ்யாவின் நெடுநாள் சீண்டலையும் வரம்பு மீறிய பதிலடியையும் அதே அறிக்கை கண்டித்தது. ஆனால் இந்த நியாயங்களெல்லாம் வாக்குக் கொடுக்காமல் இருப்பதற்கான காரணங்கள். அரைகுறையாகக் கொடுப்பதை இவை நியாயப்படுத்தா. மறுப்பைக் கேட்ட நாடு வேறு வழி தேடியிருக்கும். நம்பிக்கை ஊட்டப்பட்ட நாடோ ஆபத்தைத் தன் வாசலுக்கே வரவழைத்துக்கொண்டு காத்திருந்தது. அந்தக் காத்திருப்பின் விலை முழுவதும் எளியவன் தலையில் விழுந்தது. அநீதி அங்கேதான் இருக்கிறது.

2004இல் நேட்டோவில் சேர்ந்த எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றுக்கும் கிடைத்தது வேறு வகை உறவு. ஒன்றின்மீதான தாக்குதல் அனைவர்மீதானது என்ற நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு அவற்றுக்கும் பொருந்தும். 2017 முதல் எஸ்டோனியாவில் பிரிட்டனும், லாத்வியாவில் கனடாவும், லித்துவேனியாவில் ஜெர்மனியும் தலைமை தாங்கும் படைப்பிரிவுகள் நிறுத்தப்பட்டன. பதிலுக்கு எஸ்டோனியாவும் ஆப்கானிஸ்தானில் கூட்டணியுடன் நின்று ஒன்பது வீரர்களைப் பறிகொடுத்தது. அங்கே கடமை இருபுறமும் ஓடியது.

ஜார்ஜியா, தோல்விக்குப் பிறகும், உறுப்பினரல்லாத நாடுகளுள் மிகப் பெரிய படையை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பி, 30க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. சேர்க்கை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செலுத்தப்பட்ட முன்பணம் அது. அதை வாங்கிக்கொண்டவர்கள், சேர்ப்போமா மாட்டோமா என்பதைத் தெளிவாகச் சொல்லவும், சேர்க்க முடியாதெனில் அந்நாடு தன்னைத்தானே காத்துக்கொள்ள ஆயுதமும் பயிற்சியும் பொருளுதவியும் தரவும் கடமைப்பட்டவர்கள்.