கதைக்குக் கரு தந்தவர்

கதாசிரியனுக்குக் கற்பனை எங்கிருந்து பிறக்கின்றது என்று கேட்டால், கலைமகள் அருள் என்று விடையிறுத்து அமைவது நம்மவர் வழக்கம். கண்ணாற் கண்டதும் காதாற் கேட்டதுமே பெரும்பாலும் கதையாகின்றன என்பது நம் கருத்து. அங்ஙனமாயின், பிறர் துயரை எடுத்தாள எழுத்தாளனுக்கு உரிமை உண்டா என்னும் வினா உடன் எழுகின்றது அன்றோ? இதனை ஆராய நம் நாட்டிலேயே தக்கதொரு சான்று உளது.

சாமர்செட் மாம் என்னும் ஆங்கில ஆசிரியர் 1921-லும் 1925-லும் மலாயாவிற்கு வந்தார். துரைமார் விருந்தோம்பலை ஏற்றார். அவர்தம் பேச்சைச் செவிமடுத்தார். கண்டோரையும் கேட்டவற்றையும் குறிப்பேட்டில் வரைந்தார். சரவாக் நாட்டு ஆறொன்றின் பேரலையிற் சிக்கித் தாம் உயிர் தப்பியதையும் கதையாக்காது விட்டாரில்லை. ஆனால் அது அவருடைய சொந்தத் துன்பம், அதில் வழக்கில்லை.

வழக்கு வேறொன்று. 1911 ஏப்ரல் 23 அன்று இரவு, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியர் மனைவியாகிய எத்தல் பிரௌட்லாக், சுரங்க மேலாளராயிருந்த வில்லியம் ஸ்டூவர்ட் என்பாரைத் தம் வீட்டுத் தாழ்வாரத்திற் சுட்டுக் கொன்றார். மானத்தைக் காக்கவே சுட்டேன் என்றார். நீதிமன்றம் அதனை நம்பாது தூக்குத் தண்டனை விதித்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னித்து விடுவித்தார்.

இதனையே கருவாகக் கொண்டு, 1926-ல் வெளிவந்த தமது கதைத் தொகுதியில் 'கடிதம்' என்னும் கதையை மாம் சேர்த்தார். பள்ளி ஆசிரியர் மனைவி ரப்பர்த் தோட்டத் துரைசானி ஆனாள். அவள் கொன்றவன் அவளுடைய கள்ளக் காதலன் ஆனான். நீதிமன்றம் அவளைக் குற்றமற்றவள் என்று விடுவிக்கின்றது. வாசகரோ அவளைக் கொலையாளி என்றறிந்து நூலை மூடுகின்றனர்.

உப்பிட்டவரை ஊரறியச் செய்தார் என்று வெள்ளையர் சினந்தனர். அச்சினத்தை நாம் பெரிதாக மதிக்கவில்லை. திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை மறைத்துவைக்க எவருக்கும் உரிமையில்லை. நம்மை உறுத்துவது பிறிது. பெயரை மாற்றியபின் தீர்ப்பையும் மாற்றினாரே, அதற்கு உரியவள் எந்த மன்றத்தில் மறுமொழி கூறுவாள்? கதைக்கு மேல்முறையீடு ஏது?

இன்னொன்றும் உண்டு. அக்கதையில் அனைத்தும் அறிந்து, அமைதியாகக் கடிதத்தை விலைபேசுபவன் வழக்கறிஞரின் சீனக் கிராணி. (கிராணித் தொழில் செய்யும் நமக்கு அவன்மீது ஒரு தனி வாஞ்சை உண்டாவது இயல்பே!) ஆயினும் இறந்தவனோடு வாழ்ந்து அவனை இழந்த சீனப் பெண்ணின் நெஞ்சம் நமக்குத் திறந்து காட்டப்படவேயில்லை. விருந்து மேசையிற் பேசப்படாத துயரம் ஆசிரியர் செவிக்கு எட்டவில்லை போலும். நம் மக்கள் பால் வெட்டிய காடுகள் அக்கதைகளிற் பின்னணித் திரையாகவே நிற்கின்றன.

ஆகவே நம் லயத்துக் கதைகளை நாமே எழுதவேண்டும் என்று இளைஞர் சிலர் பேனா எடுக்கின்றனர். வரவேற்கின்றோம். ஆனால் மாமுக்கு இருந்த வசதியொன்று நமக்கில்லை. கதை அச்சேறுமுன் அவர் கப்பலேறிவிட்டார். நாம் யாரைப் பற்றி எழுதுகின்றோமோ அந்த அம்மாள் நாளைக் காலை பெரட்டுக்கு வருவார். செக்ரோலில் அவர் பெயரைக் குறிக்கும் கையும் நம்முடையதே.