எது அந்தக் கார்?

என் பழைய அம்பாஸடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வீட்டுக் கொட்டகையிலேயே டீஸல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிவருகிறேன். “இது இன்னும் அந்தக் கார்தானா?” என்கிறார் நண்பர். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீஸியஸின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர்கள் கேட்ட கேள்விதான் இது. அம்பாஸடர் மட்டும் என்ன? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டுதான் உத்தர்பாராவில் அந்தப் பெயரோடு 2014 வரை தயாராயிற்று. மாறுவதில் பாவமில்லை, மாறியதை மறைப்பதில் இருக்கிறது. இரைச்சலும் அதிர்வும் அதிகம். விற்றால் விலை குறையும். பதிவுப் புத்தகத்தில் புதிய எஞ்சின் எண்ணையே எழுதச் செய்திருக்கிறேன். வாங்குகிறவருக்கு உண்மை தெரியவேண்டும். பழைய பெயரோடு புதிய மனத்தைச் சுமந்து திரியும் நமக்கும் அந்தக் கடமை உண்டல்லவா?