பேரப் பிள்ளைகளுக்கு ஒரு வஸிய்யத்



வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய திருத்தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறோம்.

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்து, வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அந்தக் கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூர்களுக்கு அனுப்பி வந்த பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தார். அவருக்கு இரண்டு ஆண் மக்கள், ஒரு மகள். மூத்த மகன் தகப்பனுக்கு முன்பே மௌத்தாகி விட்டார். அவருடைய மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் பெரியவரின் நிழலில் இருந்தார்கள்.

"ஹஜ்ரத், என்னோடு தொழில் செய்கிற ஒருவருடைய குடும்பம் பிரெஞ்சுச் சட்டத்தில் உள்ளது. அவர்களிடத்தில் மகன் முந்திப் போய்விட்டால் அவன் பங்கு அவன் பிள்ளைகளுக்கு வந்துவிடுமாம். 'உங்கள் மார்க்கத்தில் யத்தீமுக்கு ஒன்றும் இல்லையாமே பாய்' என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?" என்றார்.

"உங்கள் இளைய மகன் உயிரோடு இருக்கிறார். ஆகவே பேரப் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. ஆனால் நீங்கள் அவர்களுக்கு வஸிய்யத் செய்யலாம், செய்யவும் வேண்டும்" என்று சொன்னோம். "பார்க்கலாம் ஹஜ்ரத். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்" என்று சிரித்துக் கொண்டே எழுந்து விட்டார். நாமும் அதோடு விட்டு விட்டோம்.

ஓராண்டு கூட ஆகவில்லை, அவர் வஃபாத்தானார். பாகம் பிரிக்க நம்மையே அழைத்தார்கள். மனைவிக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று எழுதினோம். பேரப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை. வாசற்படியில் நின்ற அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று நாம் கற்றுக் கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எந்தச் சட்டம் யாருக்கு?

புதுச்சேரியில் ஒரே தெருவில் பல சட்டங்கள் குடியிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1819-ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தத்தம் வழக்கப்படியே நியாயம் பெற்று வந்தார்கள். 1881-ஆம் ஆண்டு ஆணை வந்த பின் சிலர் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றார்கள். அவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். 1954-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்து, 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் அவர்களின் சந்ததியார் அச்சட்டத்திலேயே இருக்கிறார்கள்.

முஸ்லிம்களுக்கு 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968-இல் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. நிகாஹ், மஹர், தலாக், ஜீவனாம்சம், ஹிபா, வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தே நமக்குச் சட்டம். விவசாய நிலம் பற்றி அச்சட்டம் தனியாகப் பேசுவதால், நிலம் உள்ளவர்கள் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுக் கொள்வது நல்லது.

பராயிழ் சட்டத்தில் நெருங்கிய வாரிசு தூரத்து வாரிசை மறைப்பார். மகன் ஒருவர் உயிரோடு இருந்தால் மகனுடைய பிள்ளைகள் மறைக்கப்படுவார்கள். ஹனஃபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுவே தீர்ப்பு. மகன் யாரும் உயிரோடு இல்லாவிட்டால் பேரன் வாரிசாகி விடுவார். இறந்து போன மகளின் பிள்ளைகளுக்கும், மகன்கள் மகள்கள் இருக்கும் வீட்டில் பங்கு வராது.

யத்தீமை மறந்த மார்க்கமா?

இல்லை, சகோதரர்களே! வஸிய்யத் என்னும் வாசலை மார்க்கம் திறந்தே வைத்திருக்கிறது. அதன் சாவி பாட்டனார் கையில் இருக்கிறது. பங்கு பெறாத உறவினரும் யத்தீம்களும் பாகப் பிரிவினையின்போது வந்திருந்தால் அவர்களுக்கும் கொடுக்கும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் ஏவுகிறது. உறவினருக்கு வஸிய்யத் செய்வதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 180-ஆம் வசனம் பேசுகிறது. இதை ஆதாரமாகக் கொண்டே எகிப்து நாடு 1946-இல், இத்தகைய பேரப் பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத் என்று சட்டம் செய்தது. பாகிஸ்தானில் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பனின் பங்கையே பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அதை உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. நம் நாட்டில் இரண்டுமே இல்லை. ஆகவே இங்கே பொறுப்பு முழுவதும் அந்தந்தக் குடும்பத்துப் பெரியவர் தலையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மகன் முந்தி மௌத்தானபோது, அவன் விட்டுச் சென்றதில் தகப்பனுக்கு ஆறில் ஒரு பங்கு கிடைத்தது. அந்த யத்தீம்களோடு சேர்ந்து பங்கு வாங்கியவர், தம்முடைய முறை வரும்போது அவர்களை மறந்து போகலாமா?

நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே இத்தகைய ஒரு பேரப் பிள்ளைதான். தந்தை அப்துல்லாஹ், பாட்டனார் அப்துல் முத்தலிப் உயிரோடு இருக்கும்போதே காலமானார். பாட்டனார் தம் மரணத்துக்கு முன், எட்டு வயதுப் பேரரை அபூதாலிபிடம் ஒப்படைத்து விட்டே சென்றார். பிறகு பார்க்கலாம் என்று அவர் விட்டு விடவில்லை.

கணக்கைப் பாருங்கள்

கடனும் அடக்கச் செலவும் போக 36 லட்சம் ரூபாய் மிஞ்சியதாக வைத்துக் கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். இறந்த மகனுக்கு இரண்டு பிள்ளைகள். வஸிய்யத் இல்லாவிட்டால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 4,50,000. மீதியில் மகனுக்கு 21,00,000, மகளுக்கு 10,50,000. பேரப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத் செய்திருந்தால் பேரப் பிள்ளைகளுக்கு 12,00,000. மீதி 24 லட்சத்தில் மனைவிக்கு 3,00,000, மகனுக்கு 14,00,000, மகளுக்கு 7,00,000. இறந்த மகன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு வந்திருக்கக் கூடியது 12,60,000. ஏறத்தாழ அதே தொகை அவர் பிள்ளைகளுக்குச் சேர்ந்து விடுகிறது! பக்கத்து வீட்டுக்காரரின் கேள்விக்கு இதுவே நம் பதில்.

கவனிக்க வேண்டியவை

முதலில் கடன். மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே. அதைத் தீர்த்த பிறகே வஸிய்யத்தும் பங்கும்.

வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. நோயுற்றிருந்த ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அதிகம் கொடுக்க விரும்பியபோது, மூன்றில் ஒன்றே அதிகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். ஏற்கனவே பங்கு பெறும் வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது, மற்ற வாரிசுகள் சம்மதித்தால் தவிர. மருமகள் மாமனாருக்கு வாரிசல்லர். ஆகவே அந்த மூன்றில் ஒன்றுக்குள் அவருக்கும் எழுதலாம்.

பேரனுக்கு எவ்வளவு, பேத்திக்கு எவ்வளவு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சமமாகவே பிரியும். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால், நிறைவேற்றிக் கொடுக்க நம்பிக்கையான ஒருவரை வஸீயாக நியமியுங்கள்.

வாயால் சொன்ன வஸிய்யத்தும் மார்க்கத்தில் செல்லும். ஆனால் வாய்ச் சொல் சண்டையில் முடிவதையே பார்க்கிறோம். எழுதி, இரண்டு சாட்சிகளை வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமல்ல, ஆயினும் நல்லது. உயிரோடு இருக்கும் வரை மாற்றிக் கொள்ளலாம்.

உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்க விரும்பினால், பத்திரம் மட்டும் போதாது. சொத்தை அவர்கள் வசம் ஒப்படைக்க வேண்டும். மரணப் படுக்கையில் கொடுத்த ஹிபா, வஸிய்யத்தைப் போல மூன்றில் ஒன்றுக்குள் அடங்கி விடும்.

முடிவாக

அந்தப் பெரியவரின் இளைய மகன் கெட்டவரல்லர். அண்ணன் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் பாட்டனார் நாலு வரி எழுதியிருந்தால் உரிமையாக வந்திருக்க வேண்டியதை, அப்பிள்ளைகள் இன்று தயவாக வாங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் கட்டும் மாதம் வந்தால் அந்தத் தாய் கொழுந்தனாரின் முகத்தைப் பார்த்து நிற்கிறாள்.

இதில் நம்முடைய குற்றமும் உண்டு. மிம்பரில் பராயிழ் சட்டத்தைப் பலமுறை விளக்கியிருக்கிறோம். வஸிய்யத்தை ஓரிரு வார்த்தையோடு முடித்திருக்கிறோம். வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ளவர், அது எழுதப்படாமல் இரண்டு இரவுகள் கூடக் கழிக்கலாகாது என்பது நாயக வாக்கின் கருத்து. அந்தப் பெரியவர் எழுந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்து, நாமே தாளை நீட்டியிருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்து, புதுச்சேரி, காரைக்கால் கரைகளில் எத்தனையோ தகப்பன்மார் மகன்களை அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. மரணம் வயது வரிசையைப் பார்த்து வருவதில்லை. ஆகவே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் தகப்பனை இழந்த பேரப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், இன்று இஷாவுக்குப் பின் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் மஹல்லா இமாமிடம் செல்லுங்கள்.

யத்தீம்களின் ஹக்கைப் பேணி, அவன் முன் வெட்கப்படாமல் நிற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.