அகலிகையின் இரு கற்கள்

இராமாயண பாரதங்களினின்று கதைப்பொருள் எடுத்துப் புதியன புனைவோர், மூலத்தை வேறுபடுத்துதல் அறமாகுமோ என்பது கற்றோரிடை அடிக்கடி எழும் வினா. முன்னோர் மொழியைத் திரித்தல் அவர்க்கு இழைக்கும் பிழை என்பார் பலர். அவர்தம் அச்சம் இகழத்தக்கதன்று. எனினும் அகலிகை கதை ஒன்றனை மட்டும் எடுத்து ஆராய்வோமாக.

வான்மீகத்தின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாகின்றிலள். காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து, எவ்வுயிர்க்கும் புலப்படாதவளாய் இருக்குமாறு கௌதமர் சபிக்கின்றார். சாபம் நீங்கியபின் இராமலக்குமணர் அவள் அடிகளைத் தொட்டு வணங்குகின்றனர். கம்பரோ, கல்லாய்க் கிடந்தவள் இராமனது திருவடித்துகள் பட்டுப் பெண்ணுருப் பெற்றாள் என்றார். அக்கல்லுருவும் கம்பர் தாமே படைத்ததன்று. திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் கூறும் பரிபாடல் 19-ஆம் பாட்டிலேயே அஃது உண்டு. அங்ஙனமாயின், மூலம் என்று யாம் சுட்டுவது யாது?

நன்னூலார் வழிநூலுக்கு இலக்கணம் கூறுமிடத்து, முதனூலோடு பொருள் ஒத்துவரப் பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் கூறலாம் என இசைந்து, மரபு அழியாமையை வற்புறுத்தினார். நம் சாத்திரங்களிலேயே சிவஞானபோதம் முதனூலாகவும் சித்தியார் வழிநூலாகவும் போற்றப்படுகின்றன. பன்னிரு சூத்திரங்களில் அடங்கிய பொருளை விரிக்கப் புகுந்த அருணந்தி சிவாசாரியார், பரபக்கம் என ஒரு பகுதியையே தனித்து வகுத்துக்கொண்டார். அதனைத் திரிபு என்பார் நம்முள் எவருமிலர்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' என்னும் சிறுகதையில், சீதை தீக்குளித்த செய்தியை அவள் வாயிலாகவே கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். இது வான்மீகத்தும் இல்லை, கம்பரிடத்தும் இல்லை. ஆயினும் இதற்கு வித்தாகிய வினா மூலத்திலேயே கிடக்கின்றது. பிழைபட்டாளைத் தூயளாக்கியவன், பிழைபடாதாள் தீப்புகக் கண்டிருந்தான். இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து அகலிகை நோக்கின் என்னாவாள் என இரு பெரும் புலவரும் கேட்டிலர். அவர் பேசாது விட்ட இடத்தினின்றே புதுக்கதை பிறந்தது. இதிகாச மாந்தர்க்குப் புத்தாடை உடுத்தி நகை விளைக்கும் கதைகளை யாம் இதனோடு ஒப்பவையோம். அவற்றிற்கு இதிகாசமே வேண்டுவதில்லை.

மரபு அழிந்ததோ எனின், இங்கேதான் சித்தாந்த நோக்கு வேண்டும். வீடுபெற்ற உயிர் மீளக் கட்டுறாது என்பது நம் துணிபு. மீண்டும் கல்லாதல் கூடிற்றெனின் முன்னர் நீங்கியது சாபமே, மலமன்று. உடம்பைப் பற்றிய கல் கழிந்தும், ஊராரது நோக்குக்கு நடுங்குதலும், கணவனிடத்தும் இந்திரனையே கண்டு அஞ்சுதலும் அவளுள்ளே நின்றன. சித்தாந்தம் உரைப்பான் புகுந்து அவர் எழுதினாரல்லர். ஆயினும் வினைப்பயன் ஒன்று கழிதலும் பாசம் அறுதலும் வேறுவேறு என்பதற்கு அண்மைக்காலத்து உரைநடையில் இத்துணைப் பொருத்தமான சான்று யாம் கண்டிலேம்.

முதற்கல் முனிவர் இட்டது. அதற்கு எல்லையும் அவரே குறித்தார். இரண்டாங்கல் அவள் தானே புக்கது. அதற்கு எல்லை குறிப்பார் ஒருவரையும் ஆசிரியர் காட்டினாரிலர். கௌதமர் துறவியாய்ப் பனிவழியே கயிலையை நாடிச் செல்கின்றார். கதை அவ்வளவில் நின்றுவிடுகின்றது.