முதற்காவல்

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. சாரதி உறங்கினால், குதிரைகள் இழுத்த வழியே தேர் போகும்.

இன்று இணையத்தின் வழியே திரைப்படங்களும் தொடர்களும் நம் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. ஒரு பகுதி முடிந்ததும், நாம் கேளாமலேயே அடுத்தது தொடங்குகிறது. ‘இன்னும் ஒன்று மட்டும்’ என்று அமர்ந்தவர் நள்ளிரவைக் கடக்கிறார். விடியற்காலை ஜபம் தவறிப்போகிறது.

இத்தளங்களுக்கென மத்திய அரசு 2021 பிப்ரவரியில் விதிகளை வெளியிட்டது. அனைவருக்கும் உரியவை, 7, 13, 16 வயதிற்கு மேற்பட்டோர்க்கு உரியவை, வயது வந்தோர்க்கு மட்டும் உரியவை எனப் படைப்புகளை வகைப்படுத்தவும், 13 வயதுப் பிரிவு முதல் பெற்றோர் பூட்டிவைக்க வசதி செய்யவும் அவை பணித்தன. புகார்களைத் தீர்க்க மூன்று படிகளை வகுத்தபோதும், நிறுவனத்தின் சுயகட்டுப்பாட்டையே முதற்படியாக வைத்தன.

குழந்தைக்குப் பூட்டு உண்டு. பூட்டின் எண்ணை அறிந்த நமக்குக் காவல் எது? விவேகமே. அடுத்த பகுதி தொடங்குவதற்கு முன்னுள்ள சில விநாடிகளே சாதகனின் சோதனைக்களம். அப்போது இறைநாமத்தை ஒருமுறை கூறித் திரையை அணைப்போம். அதைக் காணும் குழந்தை, எந்தப் பூட்டும் கற்பிக்க இயலாததைக் கற்றுக்கொள்ளும்.